காணாத வெண்பனி

நுழையும்முன்

கண்டறியாத ஒன்றைக் காண விழைவது மனித மனத்தின் இயல்பு. மலைநாட்டார் கடலைக் காண ஏங்குவர்; கடற்கரையார் மலையைக் காண ஏங்குவர். வெயில் மிகுந்த தமிழ் நிலத்துப் பிள்ளைகள் பலரின் நெஞ்சில் நெடுநாள் தங்கும் விழைவு, வானிலிருந்து உதிரும் வெண்பனியைக் கையில் ஏந்திப் பார்ப்பது. அவ்விழைவு எவற்றைக் கொண்டு உருவாகிறது, நிறைவேறும்போது என்னவாக மாறுகிறது என்பதை, உப்பளத்தில் பிறந்து பனிமலை சென்ற ஓர் இளைஞனின் வாழ்வோடு இணைத்துக் கூறுகிறது இக்கட்டுரை.

ஒரு சொல், பல பனி

'பனி' என்பது தமிழின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், அவற்றுள் இரண்டைப் பனியின் பெயராலேயே வழங்கினர். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. 'பனித்தல்' என்பதற்கு நடுங்குதல் என்னும் பொருளும் உண்டு. கண்ணில் நீர் துளிர்ப்பதைக் 'கண் பனித்தது' என்று இன்றும் சொல்கிறோம். இப்பனியெல்லாம் புல்நுனியிலும் கூரை ஓலையிலும் இரவில் படிந்து, கதிர் எழுந்ததும் மறையும் நீர்த்துளியே.

ஆயினும் அதே சொல் இமயத்தின் பனிக்கும் வழங்கியது. புறநானூற்றின் ஆறாம் பாடலில் காரிகிழார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் புகழ் பரவவேண்டிய எல்லைகளைக் கூறுகிறார். தெற்கே குமரியைச் சொல்லும் அவர், வடக்கே பனி தங்கிய நெடிய மலையைச் சொல்கிறார். அப்பாடலைக் கேட்டவருள் வெண்பனியைத் தொட்டவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? மிகச் சிலரே இருந்திருக்கக்கூடும். எனினும் அவர்கள் மொழியில் அதற்கோர் இடம் இருந்தது. கண் சென்று சேராத தொலைவுக்குச் சொல் முன்னரே சென்று காத்திருந்தது.

ஒரே சொல் பலவற்றைக் குறிப்பதில் ஓர் இடரும் உண்டு. 'பனி பொழிந்தது' என்று படிக்கும் தென்னாட்டுப் பிள்ளை, மார்கழி விடியலின் ஈரத்தையே மனத்தில் எண்ணிக்கொள்ளும். ஆகவே இக்காலத் தமிழ் இவற்றை வேறுபடுத்திப் பேசுகிறது. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் நீராகப் படிவது பனித்துளி. தரையை ஒட்டி மிதக்கும் நுண்துளிகளின் கூட்டம் மூடுபனி. நீராவி நீராகாமலேயே புல்மீதும் இலைமீதும் பனிக்கட்டித் துகளாகப் படிவது உறைபனி. மேகத்துக்குள் நீராவி படிகமாகி, அப்படிகங்கள் தனித்தும் சேர்ந்தும் கீழிறங்குவது வெண்பனி. இடிமேகத்துக்குள் நீர் அடுக்கடுக்காக உறைந்து விழுவது ஆலங்கட்டி. இவற்றுள் வெண்பனி மட்டும் தமிழ்நாட்டின் தரையைத் தொடுவதில்லை. தொடாததனாலேயே அதன்மேல் ஏக்கம் மிகுகிறது.

உப்பு அம்பாரமும் பஞ்சுக் குடிலும்

காணாத ஒன்றை மனம் வெறுமையிலிருந்து படைப்பதில்லை; கைக்கெட்டும் பொருள்களைக் கொண்டே கட்டிப் பார்க்கிறது. தூத்துக்குடியை அடுத்த உப்பளங்களின் ஓரத்தில் வளர்ந்த ஒரு சிறுவனுக்கு அவ்வாறே நிகழ்ந்தது.

அவன் தாய் உப்பளத் தொழிலாளி. பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கரைசேர்ப்பதும், கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவதும் அவர் வேலை. விடியுமுன் வேலைக்குச் சென்றுவிடுவார். ஏறுவெயிலில் உப்பின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும் என்பதே காரணம். உப்பு நீரில் ஊறிய பாதங்களில் வெடிப்பும் புண்ணும் ஆறுவதேயில்லை. பள்ளி விடுமுறையில் தாய்க்குக் கஞ்சி எடுத்துச் செல்லும் சிறுவன், வரிசை வரிசையாக நிற்கும் அம்பாரங்களைப் பார்ப்பான். வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் இமயமலைப் படம் இருந்தது. அந்த மலைகளும் அவனுக்கு உப்பு அம்பாரங்களாகவே தோன்றின.

டிசம்பர் மாதத்தில் ஊர்த் தேவாலயத்தில் கிறித்துமசுக் குடில் அமைப்பார்கள். வைக்கோல் கூரைமீது பஞ்சைப் பிய்த்து வைப்பார்கள். அதுதான் பனி என்று பெரியவர்கள் சொல்வார்கள். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டிகளை இயந்திரத்திலிட்டு நொறுக்கிப் படகுகளுக்குள் கொட்டுவார்கள். தெறித்து விழும் துகள்களைப் பிள்ளைகள் அள்ளி எறிந்து விளையாடுவார்கள். கோடைமழையோடு எப்போதாவது ஆலங்கட்டி விழும். அப்போது தெருவே சிறுவராகிவிடும். வாழ்ந்து முதிர்ந்தவர்களும் டம்ளரை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். உப்பின் நிறம், பஞ்சின் மென்மை, ஐஸ்துகளின் குளிர்ச்சி, ஆலங்கட்டியின் வருகை ஆகிய நான்கையும் சேர்த்து அச்சிறுவன் தனக்கென ஒரு வெண்பனியைப் படைத்துக்கொண்டான்.

உப்பைப் பனியாக எண்ணியதில் ஓர் உண்மை இருந்தது. தனியே எடுத்துப் பார்த்தால் உப்புப் பரலும் வெண்மையானதன்று, பனிப்படிகமும் வெண்மையானதன்று. இரண்டும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுபவை. எண்ணற்ற பரல்கள் குவியும்போது, அவற்றின் முகங்களில் பட்டுப் பட்டுத் திரும்பும் ஒளி, எல்லா நிறங்களும் கலந்த வெள்ளையாகக் கண்ணை அடைகிறது. உப்பளத்தில் கண் கூசுவதும் பனிவெளியில் கண் கூசுவதும் அடிப்படையில் ஒன்றே.

கப்பலேறி வந்த குளிர்

தமிழ்நாட்டில் குளிரின்மேல் கொண்ட ஆசைக்கு ஒரு கட்டடமே சான்றாக நிற்கிறது. சென்னை மெரினா கடற்கரைச் சாலையில், வளைந்த முகப்புடன் நிற்கும் விவேகானந்தர் இல்லமே அது. அப்பகுதியை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே வழங்குகின்றனர்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளின் பனிக்கட்டியை வெட்டி வெப்ப நாடுகளுக்கு விற்கும் தொழிலை நடத்தினார். 1833ஆம் ஆண்டு பாஸ்டனிலிருந்து புறப்பட்ட அவரது கப்பல், ஏறத்தாழ நான்கு மாதம் பயணம் செய்து கல்கத்தாவை அடைந்தது. ஏற்றிய சுமார் 180 டன்னில் 100 டன் அளவு உருகாமல் வந்து சேர்ந்தது. மரத்தூளும் வைக்கோலும் போன்ற எளிய பொருள்களே கட்டிகளை வெப்பத்திலிருந்து காத்தன. சென்னையில் 1842ஆம் ஆண்டு இதற்கெனக் கிடங்கு எழுந்தது. அக்காலச் சென்னையில் கப்பல்கள் கரையை அணையத்தக்க துறைமுகம் இல்லை. கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்குகளைக் கரைசேர்த்தன.

இந்த வணிகம் இலக்கியத்திலும் இடம்பெற்றது. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1854இல் வெளியிட்ட 'வால்டன்' என்னும் நூலில், தம் குடிலருகே உள்ள குளத்தின் பனிக்கட்டி வெட்டப்படுவதை விவரிக்கும்போது சென்னை நகரையும் குறிப்பிடுகிறார்.

வந்த குளிர் எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. அது விலைப்பொருள், ஆங்கிலேயர் இல்லங்களுக்கும் செல்வர் இல்லங்களுக்குமே பெரும்பாலும் சென்றது. சுமையை இறக்கிய கைகள் குளிரை உணர்ந்திருக்கும். அதைச் சுவைக்கும் வாய்ப்பு அக்கைகளுக்கு அரிதாகவே கிட்டியிருக்கும். பின்னர் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் வந்தன. கப்பல் வணிகம் மறைந்தது. கிடங்கு கைமாறியது. 1897இல் மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் அங்குத் தங்கினார். 1963இல் அக்கட்டடம் அவர் பெயரைப் பெற்றது. துறைமுகத்து ஐஸ்துகளை உப்பளத்துச் சிறுவன் விலையின்றி அள்ளி விளையாட முடிந்தது அம்மாற்றத்தின் பயனே.

ஆறு முனைகளின் புதிர்

பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவன் பள்ளி நூலகத்தில் ஒரு படத்தைக் கண்டான். கருநிறப் பின்புலத்தில் ஒரு பனிப்படிகம், ஆறு கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் சிறு சிறு கிளைகள். கோலமாவில் யாரோ வரைந்ததுபோல் இருந்தது. அதுவரை குவியலாக மட்டுமே எண்ணியிருந்த பனி, ஒவ்வொன்றாகப் பார்க்கத் தக்கது என்பதை அன்றுதான் அவன் அறிந்தான்.

ஏன் ஆறு? இவ்வினாவை முதலில் ஆழ்ந்து எழுப்பியவர்களுள் ஒருவர், கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட கெப்ளர். 1611ஆம் ஆண்டு பிராகு நகரில் வாழ்ந்தபோது, பனிப்படிகத்தின் ஆறுமுனை வடிவம்பற்றி ஒரு சிறுநூல் எழுதித் தம் நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாக அளித்தார். அவரால் முடிந்த விடையைக் கூற இயலவில்லை. நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அடுக்காக இணைகின்றன என்பதை அறிய, இருபதாம் நூற்றாண்டின் எக்ஸ் கதிர் ஆய்வுகள் வரவேண்டியிருந்தது.

பனி சூழ்ந்த ஊரிலேயே பிறந்தவர்களுக்கும் பனிமேல் ஏக்கம் உண்டு என்பதற்கு வில்சன் பென்ட்லி சான்று. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்னும் சிற்றூரில் வேளாண்குடியில் பிறந்தவர் அவர். பதினைந்தாம் அகவையில் தாய் அளித்த நுண்ணோக்கியில் பனிப்படிகங்களைக் கண்டார். அவற்றை வரைய முயன்றார். வரைந்து முடிக்குமுன் அவை உருகின. நுண்ணோக்கியோடு ஒளிப்படக்கருவியை இணைத்து, 1885 சனவரி 15ஆம் நாள், தம் பத்தொன்பதாம் அகவையில் முதற்படத்தை எடுத்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படிகங்களைப் படமெடுத்தார். அவற்றுள் 2,000க்கும் மேற்பட்டவை அடங்கிய நூல் 1931இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பனிப்புயலினூடே நடந்து வீடு திரும்பியபின் நோயுற்று மறைந்தார். ஒருமுறை உருகிய படிகம் மீண்டும் அதே வடிவில் வருவதில்லை. அவ்வடிவம் யார் கண்ணிலும் படாமல் அழியக்கூடாது என்பதே அவரது ஏக்கம்.

சப்பானிய இயற்பியலறிஞர் உகிச்சிரோ நகாயா, 1930களில் ஒக்கைடோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். தாம் முன்னர் ஈடுபட்ட துறைக்கு வேண்டிய கருவிகள் அங்கில்லை; ஆனால் பனிக்குக் குறைவில்லை. அதையே ஆய்வுப்பொருளாக்கினார். 1936இல் ஆய்வகக் குளிரறையில், முயலின் முடியொன்றின் நுனியில் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். வெப்பநிலையும் ஈரப்பதமும் மாற மாறப் படிகத்தின் வடிவமும் மாறுகிறது என்று நிறுவினார். எனவே தரையில் விழுந்த படிகத்தின் வடிவத்தைக் கொண்டே அது கடந்துவந்த வானின் நிலையை உய்த்துணரலாம்.

தெரியுமா?
நீலகிரியில் உதகமண்டலத்தை அடுத்து 'அவலாஞ்சி' என்னும் இடம் உள்ளது. பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அப்பெயராயிற்று. ஆனால் அங்கு நிகழ்ந்தது பனிச்சரிவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்பட்ட நிலச்சரிவே பெயருக்குக் காரணம்.

வெலிங்டனிலிருந்து வடக்கே

மேனிலைக் கல்வி முடித்த அவ்விளைஞன், படையில் சேர்ந்தான். குன்னூரை அடுத்த வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் உள்ளது. சனவரி மாத விடியற்காலை ஓட்டத்தின்போது மைதானத்துப் புல் வெளுத்திருப்பதைக் கண்டான். குனிந்து தொட்டான், விரலில் மணல்போல் நெறுநெறுத்துப் பின் நீரானது. அது உறைபனி. அவன் வியந்து நின்ற வேளையில், அருகிலிருந்த தேயிலைத் தோட்டத்து உழவர் ஒருவர் வெயில் ஏறுமுன் செடிகளுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார். உறைபனி விழுந்த இலை வெயில் பட்டதும் கருகிவிடும். சுற்றுலா வருவோர் படமெடுக்கும் வெண்மை, தோட்டக்காரருக்கு இழப்பின் நிறம் என்பதை அவன் கண்டான். காண்பவரின் பனி வேறு, வாழ்பவரின் பனி வேறு என்பது அவன் கற்ற முதற்பாடம்.

பின்னர் அவன் காஷ்மீரின் எல்லைப்புற முகாமொன்றுக்கு அனுப்பப்பட்டான். டிசம்பர் மாத இரவொன்றில் காவற்பணியில் நின்றபோது, காற்று அடங்கியது. எங்கும் ஓர் அமைதி. மழை வருமுன் தெரியும் ஓசை எதுவும் இல்லை. கம்பளிச் சட்டையின் கைப்பகுதியில் ஏதோ வந்தமர்ந்தது. கைவிளக்கின் ஒளியில் பார்த்தான். ஆறு முனைகள். நூலகத்தில் கண்ட அதே கோலம். வியப்பில் விட்ட மூச்சுக்காற்றுப் பட்டதும் அது துளியாயிற்று. அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது, சிறிது நேரத்தில் எண்ண முடியாதவாறு வந்தது.

விடிந்தபோது உலகின் ஒலிகள் குறைந்திருந்தன. புதிதாக விழுந்த பனியின் பெரும்பகுதி காற்றே. அதன் நுண்துளைகள் ஒலியை உள்வாங்கிக்கொள்கின்றன. நடந்தால் காலடியில் மட்டும் ஒரு முனகல் கேட்டது. ஒரு பிடி அள்ளி நாவில் வைத்தான். அவனை அறியாமலேயே நாக்கு உப்பை எதிர்பார்த்திருந்தது. கரிக்கவில்லை. எந்தச் சுவையும் இல்லை. அப்போதுதான் தான் தொடுவது அளத்து உப்பன்று, இத்தனை ஆண்டுகள் எண்ணிவந்த பனியே என்பது அவன் உள்ளத்தில் பதிந்தது. அவன் கண்கள் பனித்தன.

ஒளிப்படம் எடுத்துத் தாய்க்கு அனுப்பினான். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏலே, இது நம்ம அளத்து அம்பாரம் மாதிரில்லா இருக்கு! செருப்பில்லாம நடந்துராதலே."

முகாமுக்குப் பால் கொண்டுவரும் முதியவர் ஒருவர் இருந்தார். நீண்ட மேலங்கிக்குள் காங்கிரி என்னும் நெருப்புச்சட்டியை வைத்திருப்பார். இளைஞன் அவரைச் 'சாச்சா' என்பான். அவர் அவனை 'பேட்டா' என்பார். டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் நீளும் கடுங்குளிரை அவ்வூரார் 'சில்லே கலான்' என்பர். அந்நாள்களில் விழும் பனியே மலையில் தங்கி, கோடையில் ஓடையாக இறங்கி, வயலுக்கும் ஆப்பிள் தோட்டத்துக்கும் நீராகும் என்று அவர் விளக்கினார். பனி குறைந்த ஆண்டில் கோடை வறளும் என்று கவலையோடு கூறினார். பிறகு அவர் கேட்டார்: "கடலுக்கு மறுகரை தெரியாதாமே பேட்டா, உண்மையா?" அவர் கடலைக் கண்டதில்லை. சாகுமுன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். பனியில் பிறந்தவர் கடலுக்கு ஏங்குவதைக் கண்ட இளைஞனுக்குத் தன் ஏக்கம் தனியொருவனது அன்று என்று புரிந்தது.

பனியின் மறுமுகம்

சியாச்சின் உலகின் மிக உயர்ந்த போர்முனை. 1984 ஏப்ரல் முதல் இந்திய வீரர்கள் அங்குக் காவல் புரிகின்றனர். அங்குத் துப்பாக்கிக் குண்டினும் மிகுதியாக உயிர் கொள்வது குளிரும் பனிச்சரிவும் மூச்சுக்குப் போதாத காற்றுமே. 2016 பிப்ரவரி 3ஆம் நாள், ஏறத்தாழ 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையைப் பனிச்சரிவு மூடியது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டவர். ஆறு நாள்களுக்குப் பின் கருநாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு மீட்கப்பட்டார். நாடே அவருக்காக வேண்டியது. பிப்ரவரி 11ஆம் நாள் அவரும் மறைந்தார்.

அச்செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது உப்பளத்துத் தாய் வேலை முடித்து வீடு திரும்பியிருந்தார். 'மெட்ராஸ் ரெஜிமென்ட்', 'பனி' என்னும் இரு சொற்களே அவர் காதில் விழுந்தன. மகன் இருக்கும் மலை வேறு, அந்த மலை வேறு என்று அக்கம்பக்கத்தார் எடுத்துச் சொன்னார்கள். தாய்க்கு எல்லாப் பனியும் ஒன்றாகத் தோன்றியது. மூன்று நாள் தொலைபேசித் தொடர்பு கிடைக்கவில்லை. மூன்று நாளும் அவர் உப்பு வாரச் சென்றார். ஆனால் அம்பாரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்காம் நாள் மகனின் குரல் கேட்டதும் அவர் கேட்டது ஒன்றே: "குளிருதாலே?" மகனால் உடனே விடை கூற இயலவில்லை. புதையுண்டவர்களுள் ஒருவரோடு அவன் வெலிங்டனில் ஒரே அறையில் தங்கியிருந்தான்.

பனியை ஏங்கிச் சென்றடைந்தவர் உண்டு. வேறு வழியின்றிச் சென்றடைந்தவரும் உண்டு. 1986 ஆகத்து 11ஆம் நாள், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை அந்நாட்டு மீனவர்கள் மீட்டனர். போரிலிருந்து தப்பிய அவர்களைப் போலவே பல்லாயிரவர் டொராண்டோ, மொண்ட்ரியல் போன்ற நகரங்களில் குடியேறினர். அவர்களுக்கு முதற்பனி கனவன்று. ஊர் எவ்வளவு தொலைவில் போய்விட்டது என்பதன் அடையாளம். இரவுப்பணி முடிந்து பேருந்துக்கு நின்ற நிறுத்தமும், வேலைக்குப் போகுமுன் வாசற்பனியைத் தள்ளிய மண்வாரியும் அவர்களது பனியின் நினைவுகள். பனி உருகச் சாலைகளில் உப்புத் தூவும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. கடற்கரை ஊர்களிலிருந்து சென்றவர்கள் உப்பை அங்கும் கண்டனர். பனியில் நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்பினர். படத்தில் வெண்மை தெரிந்தது, குளிர் தெரியவில்லை.

ஐந்து திணைகளாக நிலத்தைப் பகுத்த மரபில் வந்தவர்கள், பனியும் பனிசார்ந்த நிலமும் ஆறாம் திணை என்று பேசத் தொடங்கினர். புலம்பெயர் இலக்கியத்தின் உள்ளடக்கத்தைச் சுட்டும் தொடராக அது நிலைபெற்றது. பழந்தமிழர் மொழியில் பனிமலைக்கு இடம் இருந்தது. பனிநிலத்தில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இன்று அம்மொழியில் இடம் உண்டு.

தெரிந்து தெளிவோம்
• விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி, 2023 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். தமிழ்நாட்டிலிருந்து அச்சிகரத்தை அடைந்த முதல் பெண் இவரே.
• உலகின் பனியாறுகள் சுருங்கிவருவதைக் கருத்திற்கொண்டு, 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளைப் பாதுகாக்கும் பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. மார்ச்சு 21 உலகப் பனியாறுகள் நாளாகும்.

தலைக்குமேல் பிறக்கும் பனி

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தமிழ்நாட்டுக்கு மேலே காற்றின் வெப்பநிலை சுழியமாகும் உயரம் ஏறத்தாழ 5,000 மீட்டர். தொட்டபெட்டாவைப் போல் இருமடங்கு உயர்ந்த மலையொன்று இங்கிருந்தால் அதன் தலையில் வெண்பனி தங்கியிருக்கும். மலை இல்லை, ஆனால் அந்த உயரத்தைக் கடந்து எழும் மேகங்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்காலத்து இடிமேகங்களின் மேற்பகுதியில் பனிப்படிகங்கள் பிறக்கின்றன, வளர்கின்றன, கனம் மிகுந்து கீழிறங்குகின்றன. வரும் வழியில் வெம்மையான காற்றில் உருகி மழைத்துளிகளாகின்றன. ஐப்பசி மழையில் நனையும் ஒருவர் தலையில் விழும் துளிகளுள் பல, சற்றுமுன் வெண்பனியாக இருந்தவையே.

ஓர் ஐப்பசியில் இளைஞன் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தான். உப்பளங்களில் மழைநீர் தேங்கி, வேலை நின்றிருந்தது. அம்பாரங்களைப் பனையோலையாலும் தார்ப்பாயாலும் மூடியிருந்தார்கள். மழை என்றால் அளத்துக் குடும்பங்களுக்கு வருவாயற்ற மாதங்கள். திண்ணையில் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு, மேலே பனியாய் இருப்பதுதான் கீழே மழையாய் விழுகிறது என்று மகன் விளக்கினான். அவர் சிறிது நேரம் வானத்தைப் பார்த்தார்.

"அப்போ நீ அம்புட்டுத் தூரம் போயிப் பாத்தது, இம்புட்டு நாளா நம்ம தலைக்கு மேலதான் இருந்துருக்கு. கீழ வாரதுக்குள்ள கரைஞ்சிருது, நம்ம உப்பு மாதிரி" என்றார்.

பின்னர் எழுந்து, கூரையிலிருந்து ஒழுகிய நீருக்குப் பாத்திரம் வைக்கப் போனார்.

காணாததற்கு ஏங்குவது குறையன்று. அவ்வேக்கமே கெப்ளரை வினவச் செய்தது. பென்ட்லியைக் குளிரில் நிற்கச் செய்தது. உப்பளத்துச் சிறுவனை மலைக்கு அழைத்துச் சென்றது. கண்டபின் அவ்வேக்கம் அறிவாகவும், அங்கு வாழ்வோர்மீதும் மாண்டோர்மீதும் கொள்ளும் பரிவாகவும் முதிர வேண்டும். வெண்பனியை நாடிச் சென்றவன், உருகிய தேயிலை உறைபனியில் உழவரின் இழப்பையும், முதியவரின் பேச்சில் கோடை நீரையும், தாயின் மௌனத்தில் அச்சத்தையும் கண்டான். தொலைவில் உள்ள ஒன்றைக் கண்டு திரும்பியவனுக்கு, வீட்டு வாசலில் பெய்யும் மழையும் புதிதாகத் தெரிந்தது.

கற்பவை கற்றபின்

1. பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி, ஆலங்கட்டி ஆகியவற்றுள் உங்கள் ஊரில் காணத்தக்கவை எவை? அவை தோன்றும் காலத்தையும் அவற்றுக்கு உங்கள் பகுதியில் வழங்கும் பெயர்களையும் தொகுக்க.

2. நீங்கள் நேரில் காணாத இயற்கைக் காட்சி ஒன்றை, உங்கள் ஊரில் உள்ள பொருள்களோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. "காண்பவரின் பனி வேறு, வாழ்பவரின் பனி வேறு" – இக்கருத்தை மழை, கடல் ஆகியவற்றுக்குப் பொருத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.